நாஷ்வில்லில் மூன்று நாள்: எங்கே கேட்பது, எங்கே ஆடுவது

அட்லாண்டாவில் வசிக்கும் ஒரு குடும்பம், திங்கட்கிழமை விடுமுறையோடு சேர்ந்து வரும் வாரக்கடைசியை டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் கழிக்கப் போகிறது. அமெரிக்க நாட்டுப்புற மரபில் பிறந்த கன்ட்ரி இசையை நேரில் கேட்க வேண்டும், எல்லோரும் வரிசையாக நின்று ஒரே அடிகளை வைத்து ஆடும் லைன் டான்ஸை ஆடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அந்த இசையில் பரிச்சயம் இல்லை, நால்வரில் ஒருவருக்கும் ஆடத் தெரியாது, பத்து வயதுப் பெண்ணும் பதினான்கு வயதுப் பையனும் உடன் வருகிறார்கள். இந்த நிலையில் போவது வீண்தானா, பூட்ஸும் தொப்பியும் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பது கேள்வி. அந்த நகரத்தில் பல ஆண்டுகள் இருந்தவன், தப்பும் தவறுமாக ஆடக் கற்றவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வீணாகாது. ஆனால் முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நேரடி இசையும் லைன் டான்ஸும் விளம்பரங்களில் ஒரே படத்தில் இருந்தாலும், உண்மையில் அவை ஒரே தளத்தில் அவ்வளவு எளிதாக ஒத்துப்போவதில்லை. லைன் டான்ஸ் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்காக அமைக்கப்படுவது. இத்தனையாவது சுற்றில் பாதியில் நிறுத்தி மீண்டும் முதலிலிருந்து தொடங்கு, இந்த இடத்தில் நான்கு எண்ணிக்கை கூடுதலாகச் சேர்த்துக்கொள் என்று அந்தப் பதிவின் நெளிவு சுளிவுகளுக்கு ஏற்ப ஆட்டத்தைத் தைத்திருப்பார்கள். மேடையில் வாசிக்கும் குழுவோ அன்றைய கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், ஃபிடில் எனப்படும் வயலினை வாசிப்பவருக்கு உற்சாகம் பிறந்தால் அவருக்கு இன்னும் இரண்டு சுற்று விட்டுக்கொடுக்கும், கடைசிச் சரணத்தைக் கேட்பவர்களைப் பாட வைத்து நீட்டும். பதிவுக்குத் தைத்த சட்டை நேரடி இசைக்குப் பொருந்தாது. ஆடுதளம் உள்ள கூடங்களில், மாலையில் பாடம் எடுப்பதும், குழு ஓய்வெடுக்கும் இடைவெளியில் ஒலிப்பதிவுகளைப் போட்டு வரிசை ஆட்டங்களை நடத்துவதும், குழு மேடைக்கு வந்ததும் ஜோடி ஆட்டத்துக்குத் தளத்தை விட்டுக்கொடுப்பதும் வழக்கமாக இருப்பது இதனால்தான். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1964 முதல் நடந்துவரும் ப்ரோக்கன் ஸ்போக் என்ற பழைய ஆட்டக்கூடத்தில் ‘லைன் டான்ஸ் கூடாது’ என்று அறிவிப்பே உண்டு. அது ஜோடி ஆட்டக்காரர்களின் கோட்டை.

ஆகவே கேட்பதற்கு ஓரிடம், ஆடுவதற்கு ஓரிடம் என்று நாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவிலிருந்து ஏறத்தாழ 250 மைல், நான்கு மணி நேர ஓட்டம். நாஷ்வில் கடிகாரம் உங்கள் ஊரைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால், வெள்ளிக்கிழமை மதியம் புறப்பட்டாலும் மாலை வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம். குழந்தைகள் உடன் வருவதால் அந்த மாலை வெளிச்சம் முக்கியம். ஆற்றங்கரையிலிருந்து ஐந்தாம் அவென்யூ வரை ப்ராட்வே தெருவின் இரு பக்கமும் ஹான்கி டாங்க் எனப்படும் இசை மதுக்கூடங்கள் வரிசையாக உள்ளன. பகலில் பிள்ளைகளோடு உள்ளே விடும் இடங்கள்கூட, மாலை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு 21 வயது நிரம்பாதவர்களை அனுமதிப்பதில்லை. உங்களுக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். அமெரிக்க ஓட்டுநர் உரிமம் இல்லாதவர்கள் கடவுச்சீட்டின் அசலையே எடுத்துச் செல்வது நல்லது, கைப்பேசியில் உள்ள படத்தை வாசலில் நிற்பவர் ஏற்கமாட்டார்.

அந்தத் தெருவில் காலை பத்து, பதினொன்று மணிக்குத் தொடங்கும் இசை நள்ளிரவு தாண்டியும் ஓயாது. பெரும்பாலான கூடங்களில் நுழைவுக்கட்டணம் கிடையாது. ஒரு குழு ஏறத்தாழ நான்கு மணி நேரம் வாசிக்கும், பிறகு அடுத்த குழு ஏறும். அவர்களுடைய வருமானத்தில் பெரும்பங்கு மேடை ஓரத்தில் இருக்கும் வாளியில் விழும் பணம்தான். நடுவில் குழுவில் ஒருவரே அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார். அப்போது கைப்பேசியில் மூழ்குவதுபோல் நடிப்பவர்களை அவர்களுக்கு நன்றாகவே அடையாளம் தெரியும். ஐந்து டாலர், இருபது டாலர் தாள்களைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். விரும்பிய பாட்டைக் கேட்பதென்றால் தாளோடு சேர்த்துக் கேட்பதுதான் மரபு. எல்லோரும் எப்போதும் கேட்கும், வாசித்து வாசித்து அவர்களுக்கே அலுத்துப்போன பாட்டைக் கேட்டால் தாள் சற்றுப் பெரியதாக இருப்பது மரியாதை. 1960-இல் தொடங்கிய, ஊதா நிறம் பூசிய டூட்ஸீஸ் ஆர்க்கிட் லவுஞ்சில் கூட்டம் நெரியும். பழைய பாணி இசையை நின்று கேட்க ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் மேல் என்பது என் எண்ணம். பாடகர்களின் பெயரைத் தாங்கி அண்மையில் எழுந்த பல அடுக்கு மாளிகைகள் எனக்கு உவப்பில்லை. ஒரு மாடியின் இரைச்சல் இன்னொரு மாடியின் பாட்டில் வந்து விழுகிறது.

அங்கே நிற்கும்போது பாடகரைவிட மற்றவர்களின் கைகளைக் கவனியுங்கள். அன்று மதியம்தான் முதல்முறை சந்தித்த ஐந்து பேர், ஒத்திகையே இல்லாமல், அந்த நான்கு மணி நேரமும் பிசகாமல் வாசிப்பார்கள். பாட்டு தொடங்குமுன் கிதார்காரர் பாஸ் வாசிப்பவரைப் பார்த்து மூன்று விரல்களை மேல்நோக்கிக் காட்டினால், மூன்று ஷார்ப் குறிகள் கொண்ட சுருதி, அதாவது ஏ மேஜர் என்று பொருள். ஒரு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினால் ஒரு ஃப்ளாட் குறி கொண்ட எஃப். அதன்பின் கார்ட் எனப்படும் ஸ்வரக்கட்டுகளை எழுத்துகளால் குறிக்காமல் ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்களால் சொல்லிக்கொள்வார்கள். பாடகிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, சுருதியைக் குறைக்க வேண்டும் என்றால் எண்கள் மாறுவதில்லை, ஒன்று என்பது எது என்பது மட்டுமே மாறுகிறது. எந்தக் கட்டையில் பாடினாலும் ஸ ஸ-வாகவே இருக்கும் என்று பழகிய நமக்கு இது உடனே பிடிபடும். ஜார்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவைச் சேர்ந்த நீல் மேத்யூஸ் 1950-களின் கடைசியில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக உருவாக்கிய இந்த முறையை நாஷ்வில் எண்முறை என்றே உலகம் அழைக்கிறது.

இன்னொரு கருவியும் நம் காதைத் தானாகவே இழுக்கும். மேசைபோல் நான்கு கால்களில் நிற்கும் பெடல் ஸ்டீல் கிதார் அது. வாசிப்பவர் உட்கார்ந்தபடி இடக்கையில் ஓர் இரும்புத் தண்டைப் பத்துத் தந்திகள் மேல் வழுக்கி, பாதத்தால் மிதிகளையும் முழங்காலால் நெம்புகோல்களையும் அசைத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோடு தெரியாமல் போய்ச் சேருவார். கன்ட்ரி இசை முழுக்கத் தட்டுத் தட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அந்த இழைவுதான் முதல் வியப்பு. அதன் மூதாதை ஹவாயன் கிதார். நம்முடைய பழைய திரையிசையில் இழைந்து ஒலிக்கும் கிதாரும் அதே குடும்பம்தான்.

சனிக்கிழமை இரவை கிராண்ட் ஓல் ஆப்ரிக்கு ஒதுக்குங்கள். எல்லா வயதினரையும் அனுமதிக்கும் நிகழ்ச்சி என்பதால் குழந்தைகளைப் பற்றிய கவலையும் அங்கே இல்லை. அதைக் கச்சேரி என்று எண்ணிப் போனால் ஏமாற்றமாக இருக்கும், ஏனெனில் அது ஒரு வானொலி நிகழ்ச்சி. 1925 அக்டோபரில் ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்கிய டபிள்யூ.எஸ்.எம். நிலையம், அந்த நவம்பர் 28-ஆம் நாள் ஜிம்மி தாம்சன் என்ற முதியவரை ஒலிவாங்கி முன் உட்கார வைத்து ஃபிடில் வாசிக்கச் செய்தது. அதிலிருந்து வளர்ந்த ‘பார்ன் டான்ஸ்’ நிகழ்ச்சிதான் இது. களஞ்சியக் கொட்டகையில் அக்கம்பக்கத்தார் கூடி ஆடும் ஆட்டம் என்பது அந்தப் பெயரின் பொருள் என்பதால், இந்த இசையின் வேரிலேயே ஆட்டம் இருப்பதை நீங்கள் கவனிக்கலாம். 1927-இல் ஒரு சனிக்கிழமை, மேற்கத்திய செவ்வியல் இசை நிகழ்ச்சி ஒன்று முடிந்த கையோடு, அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, இதுவரை கிராண்ட் ஆப்பரா கேட்டீர்கள், இனி ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ கேளுங்கள் என்று, ஆப்பராவை நாட்டுப்புற உச்சரிப்பில் திரித்துக் கேலியாகச் சொல்ல, அந்தக் கேலியே பெயராக நிலைத்தது. அப்போது மேடையில் இருந்தவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினத்து ஹார்மோனிகா கலைஞர், ரயில் ஓடும் ஓசையை மூச்சாலேயே எழுப்பியவர். 1941-இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்ட அவரைக் கன்ட்ரி இசையின் புகழ் மன்றத்தில் சேர்க்க 2005 வரை ஆயிற்று. பாஞ்சோ என்ற தந்திக்கருவி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி என்பதையும், 2024-இல் பாடகி பியான்சே கன்ட்ரி தரவரிசையின் முதலிடத்தைப் பிடித்த முதல் கறுப்பினப் பெண்ணானபோது எழுந்த சலசலப்பையும் சேர்த்து நினைத்தால், இது யாருடைய இசை என்ற கேள்வி அங்கே எவ்வளவு பழையது என்பது புரியும்.

ஆப்ரியில் ஒருவரே இரவு முழுவதும் பாடுவதில்லை. பலர் வருவார்கள், ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பாட்டோடு இறங்கிவிடுவார்கள், இடையில் அறிவிப்பாளர் மேடை ஓரத்தில் நின்று விளம்பரத்தை வாசிப்பார், நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் சதுர ஆட்டக்காரர்களும் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். எண்பதைத் தொட்ட ஒருவரும் முதன்முறை மேடையேறும் ஒருவரும் அடுத்தடுத்துப் பாடுவதால், இசையில் பரிச்சயமற்ற குடும்பத்துக்கு இதைவிட நல்ல அறிமுகம் இல்லை. மேடையின் நடுவே, மற்றப் பலகைகளின் நிறத்திலிருந்து வேறுபட்டு, ஆறடி அகலத்தில் ஒரு மரவட்டம் தெரியும். 1943 முதல் 1974 வரை ஆப்ரி நடந்த ரைமன் அரங்கின் மேடையிலிருந்து வெட்டியெடுத்துப் பதித்தது அது. 2010 மே மாதம் கம்பர்லாண்ட் ஆறு பெருக்கெடுத்து, ஆப்ரியின் இன்றைய மேடைமேல் ஏறத்தாழ நான்கடி நீர் நின்றது. அந்த வட்டத்தை மீட்டுக் காயவைத்துத் திரும்பப் பொருத்தி, செப்டம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். முதன்முறை பாட வருபவர்கள் அதன் விளிம்பில் ஒரு கணம் தயங்குவதைப் பார்க்கலாம். ரைமன் அரங்கையும் பகலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது என்பதால் இன்றும் உட்காருவது தேவாலய மரப்பலகைகளில்தான். முதுகு வலிக்கும், ஆனால் பின்வரிசையிலும் ஒலி துல்லியமாகக் கேட்கும்.

இனி ஆட்டம். மேலே சொன்ன சிக்கல் காரணமாகத்தான், நேரடி இசைக்கு ஆட விரும்புபவர்கள் குறைந்த எண்ணிக்கையுள்ள, இடைவெட்டு இல்லாத, எந்தப் பாட்டுக்கும் சுழற்றி ஆடக்கூடிய பழைய ஆட்டம் ஒன்றைக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்கிறேன். எலெக்ட்ரிக் ஸ்லைட் அதற்கு ஏற்றது. அது 1970-களின் டிஸ்கோ காலத்தில் பிறந்தது, கன்ட்ரி இசையில் பிறந்ததே அல்ல. வரிசையாக நின்று ஆடும் வழக்கம் கறுப்பினத்தாரின் ஆட்டக்கூடங்கள், டிஸ்கோ என்று பல வாசல்கள் வழியாக வந்து, 1980-இல் வெளியான ‘அர்பன் கவ்பாய்’ படத்தின் அலையில் பூட்ஸ் போட்டுக்கொண்டது. 1992-இல் பில்லி ரே சைரஸின் ‘ஏக்கி பிரேக்கி ஹார்ட்’ பாட்டும் அதற்கென்றே அமைத்த ஆட்டமும் ஒன்றாக வந்தபின் உலகமெங்கும் பரவியது.

ஆட்டம் இதுதான். வலக்காலை வலப்பக்கம் வைக்கவும், இடக்காலை அதன் பின்னால் கொண்டுபோய் வைக்கவும், மீண்டும் வலக்காலை வலப்பக்கம், இடக்காலை அருகில் கொண்டுவந்து தொடவும். நான்கு எண்ணிக்கை முடிந்தது. கால்கள் கொடிபோல் பின்னிப்போவதால் இந்த நடைக்கு ‘கிரேப்வைன்’ என்று பெயர். அதையே இடப்பக்கம் நான்கு. பின்னோக்கி மூன்று அடி வைத்து ஒரு தொடல், நான்கு. முன்னால் சாய்ந்து தொடல், பின்னால் சாய்ந்து தொடல், இரண்டிரண்டாக நான்கு. கடைசியில் இடக்காலை முன்னே வைத்து, வலக்குதிகால் தரையை உரச, இடப்பக்கம் வட்டத்தில் நான்கில் ஒரு பங்கு திரும்புதல், இரண்டு. மொத்தம் பதினெட்டு. திரும்பியதும் வேறொரு சுவரைப் பார்த்து நிற்பீர்கள், அதே பதினெட்டை மீண்டும் ஆட வேண்டும். நான்கு முறை ஆடினால் தொடங்கிய சுவருக்கே வந்துவிடுவீர்கள். இவ்வகையை ‘நான்கு சுவர்’ ஆட்டம் என்பார்கள், முன்னும் பின்னும் மட்டும் திரும்புவது ‘இரண்டு சுவர்’.

பாட்டு எட்டெட்டாகப் போகும்போது ஆட்டம் பதினெட்டாகப் போனால் இடிக்காதா என்று கணக்குப் போடுபவர்கள் கேட்பார்கள். இடிக்கத்தான் செய்யும். பாட்டின் வரி தொடங்கும் இடமும் ஆட்டம் தொடங்கும் இடமும் விலகி விலகிப் போய் எப்போதாவது சந்திக்கும், யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. முப்பத்திரண்டு எண்ணிக்கை ஆட்டங்கள் சாதாரணப் பாட்டோடு சரியாகப் பொருந்தும். நான்கு நான்கு எண்ணிக்கையாகப் பன்னிரண்டு ‘பார்’ கொண்ட ப்ளூஸ் அமைப்புப் பாட்டில், பாட்டின் ஒரு சுற்றுக்கு நாற்பத்தெட்டு எண்ணிக்கை என்பதால், அந்த முப்பத்திரண்டு எண்ணிக்கை ஆட்டம் மூன்று சுற்று, பாட்டு இரண்டு சுற்று முடியும்போது தொண்ணூற்றாறில் இரண்டும் ஒன்றுகூடும். தாளம் போட்டுப் பழகிய யாருக்கும் அந்தக் கூடுமிடம் ஒரு சின்ன மகிழ்ச்சி. எனக்குக் கன்ட்ரி பாட்டின் கட்டமைப்பு விளங்கியதே, காதால் கேட்டு அல்ல, காலால் எண்ணித்தான்.

எங்கே நிற்பது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். கூச்சத்தால் பின்வரிசை ஓரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு முறை திரும்பியதும் பின்வரிசையே முன்வரிசையாகிவிடும், பார்த்து ஆட எதிரில் ஆள் இருக்காது. நான் முதன்முறை ஆடியபோது ஓரத்தில்தான் நின்றேன். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பி, ஒரு வரிசை முழுவதையும் நேருக்கு நேர் பார்த்தபடி நின்றுவிட்டேன். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த, எழுபது வயதிருக்கும் அம்மையார் ஒருவர், ஒரு அடிகூடத் தப்பாமல், என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட்டுத் தன் போக்கில் தொடர்ந்தார். ஆகவே நட்டநடுவில் நில்லுங்கள், எந்தச் சுவரைப் பார்த்தாலும் உங்களுக்கு முன்னால் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். தவறிவிட்டால் தளத்தை விட்டு ஓடாமல் நின்ற இடத்திலேயே காலை மாற்றிக்கொண்டிருந்து, அடுத்த சுற்றின் வலப்பக்க நடையில் சேர்ந்துகொள்ளலாம். தளத்தின் வெளிவட்டம் ஜோடிகளுக்கு உரியது, அவர்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவார்கள், நடுப்பகுதிதான் வரிசைகளுக்கு. தளத்துக்குள் கோப்பையை எடுத்துப்போவது பெரிய குற்றம், ஈரம் பட்ட பலகையில் தோல் அடிப்பூட்ஸ் வழுக்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ப்ராட்வேயில் இடநெருக்கடியால் ஆட்டம் சரிப்படாது. ஆப்ரி அரங்கின் பக்கத்தில் 1970-களிலிருந்து இருக்கும் நாஷ்வில் பேலஸ் போன்ற ஆடுதளம் உள்ள கூடங்களே பொருத்தமானவை. இன்று புகழ்பெற்றிருக்கும் பாடகர் ராண்டி டிராவிஸ் ஒரு காலத்தில் இந்தப் பேலஸின் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே அதன் மேடையிலும் பாடியவர். எந்தக் கிழமை பாடம், எத்தனை மணி வரை பிள்ளைகளை விடுவார்கள் என்பதை மட்டும் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாடம் பொதுவாக முன்மாலையில் இருக்கும், அதற்குச் சரியான நேரத்துக்குப் போனால் அன்றிரவு ஆடப்போகும் முகங்களும் பழக்கமாகிவிடும். உங்கள் பெண் உங்கள் எல்லோரையும்விட முதலில் பிடித்துக்கொள்வாள், அவளுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைக் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் சன்னல்கள் வெளியிலிருந்து பார்க்கப் பியானோக் கட்டைகள் போலிருப்பது பையனுக்குப் பிடிக்கும். 1982-இல் தொடங்கிய ப்ளூபேர்ட் கஃபேயில் இடம் கிடைத்தால் அதை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். கடைத்தொகுதி ஒன்றில் ஏறத்தாழ தொண்ணூறு இருக்கைகள் கொண்ட சிறிய அறை அது. பாட்டு எழுதுபவர்கள் நால்வர் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் எழுதி வேறொருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டைத் தாங்களே பாடுவார்கள். பக்கத்து மேசையில் பேசினால் உஷ் என்று அடக்கிவிடுவார்கள். சபாக்களில் வளர்ந்த எனக்கு அது இதமாகவே இருந்தது.

சைவம் உண்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தப் பக்கத்து உணவகங்களில் காய்கறி என்று தட்டில் வைக்கும் பீன்ஸும் கீரையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு மணிக்கணக்கில் வேகவைத்ததாக இருப்பது வழக்கம், கேட்காமல் வாங்க வேண்டாம்.

பூட்ஸ் வாங்க வேண்டியதில்லை. புதுப் பூட்ஸ் பழகச் சில வாரங்கள் ஆகும், முதல் இரவிலேயே குதிகால் கொப்புளித்துவிடும். ஓடுவதற்கான ரப்பர் அடிக்காலணியும் வேண்டாம், தரையைப் பற்றிக்கொண்டு திரும்பவிடாமல் முழங்காலைத் திருகும். அலுவலகத்துக்குப் போடும் வழவழப்பான அடியுள்ள தோல் காலணியே போதும். தொப்பி உங்கள் விருப்பம். வாங்கினால் மேசையில் வைக்கும்போது விளிம்பு மேலே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் விளிம்பு நசுங்கிவிடும். ஆடப் போகும்போது அதைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், முதல் திருப்பத்திலேயே அது பின்வரிசைக்குப் பறந்துவிடும்.